கலேத்தா பிளாங்காவுக்கு ஒன்பதாவது இடம்

ஒராசியோ பெல்த்ரானுக்கு அபார ஞாபகசக்தி என்று புவெனோஸ் ஐரெஸ் நகரமே சொல்லும். எந்த வருடம், எந்த மைதானம், யார் பந்தைத் தள்ளினார்கள், எந்தக் காலால் கோல் விழுந்தது என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆனால் தான் எழுதும் 'எல் கோர்னர்' வாரப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்களின் பெயர் மட்டும் அவர் மண்டையில் ஏறாது. டெலிபோன் எடுக்கிறவளும் பாப்பா, டைப் அடிக்கிறவளும் பாப்பா, அறுபது வயதில் மூட்டு வலியோடு காபி கொண்டு வருகிறவளும் பாப்பா.

எர்மினியா சபாலாவும் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவுக்கு வயது ஐம்பத்தாறு.

ஒவ்வொரு டிசம்பரிலும் 'எல் கோர்னர்' ஒரு அட்டவணை போடும். முடிந்த சீசனில் உலகத்திலேயே சிறந்த கால்பந்துக் கிளப்புகள் எவை, வரிசைப்படி. அது வரும் செவ்வாய்க்கிழமை கடைகளில் பத்திரிகை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். முடிதிருத்தும் கடைக்காரர்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஆறாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் நடுவில் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார்கள். அடியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும்: ஒராசியோ பெல்த்ரான். ஊரில் அதற்குப் 'பெல்த்ரான் அட்டவணை' என்றே பெயர்.

போட்டவள் எர்மினியா. 1961இல், பத்திரிகையில் ஆட்ட விவரங்களைப் பதிந்து வைக்கும் குமாஸ்தாவாக இருந்தபோது, அவள் தலையில் உதித்த கணக்கு அது. வெளியூரில் ஜெயித்தால் கூடுதல் புள்ளி. எதிராளி எவ்வளவு பலசாலியோ அவ்வளவு புள்ளி. மூன்று நாளுக்குள் இரண்டாவது ஆட்டம் ஆடியிருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. சனிக்கிழமைகளில் ஒவ்வொரு தூதரகமாக ஏறி இறங்கிப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவாள். துறைமுகத்துக்குப் போய் மாலுமிகளிடம் அவர்கள் ஊர்ப் பத்திரிகையைக் கெஞ்சி வாங்குவாள். ஏழு மொழிகளில் அவளுக்குக் 'கோல்', 'பெனால்டி', 'தோல்வி' என்ற சொற்கள் தெரியும், வேறொன்றும் தெரியாது. கிளப்புக்கு ஒரு அட்டை, சீசனுக்கு ஒரு செருப்புப் பெட்டி. இருபத்தைந்து பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளைத்தான் பெல்த்ரான் 1986இல் புத்தகமாகப் போடப் போனார். ஜூனில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை ஜெயிக்கும், அந்தச் சூட்டில் புத்தகம் பறக்கும் என்று பதிப்பாளர் மார்ச்சிலேயே மனக்கோட்டை கட்டியிருந்தார். அவர் நினைத்தபடியே கோப்பை வந்தது என்பது வேறு விஷயம். அந்த மார்ச்சில்தான் எர்மினியா பெல்த்ரானின் அறைக்குள் போய் நின்றாள்.

"தோன் ஒராசியோ, ஒரே ஒரு வேண்டுகோள். புத்தகத்துல முதல் பக்கத்துல, சின்ன எழுத்துல, என் பேரும் வரணும்."

'தோன்' என்ற மரியாதைக்குப் பழகிப்போன அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன் பேரா? எதுக்கு பாப்பா?"

"அட்டவணை நான் போட்டது."

"கூட்டல் கழித்தல் நீ போட்டே. நான் இல்லைங்கலையே. ஆனா கால்பந்துன்னா கண்ணால பாக்கணும். நான் பாத்தவன். நீ எந்த ஆட்டத்தைப் பாத்தே, சொல்லு? ஒண்ணாச்சும் பாத்தியா?"

எர்மினியா திரும்பிக் கதவை நோக்கி நடந்தாள். சொல்ல வேண்டிய பதில் அவளிடம் இருந்தது. 1961 ஏப்ரலில், ஆசிரியர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டோடு அவள் பத்திரிகையாளர் மாடத்துக்குப் போனாள். பெல்த்ரான்தான் காவலாளியைக் கூப்பிட்டு, "இந்தப் பாப்பா வழி தவறி வந்திருக்கு, வெளியே கொண்டு விடுங்க" என்றார். மாடமே சிரித்தது. மழையில் மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி நின்று, உள்ளே எழும் சத்தத்தை வைத்தே அவள் கோல் விழுந்த நிமிடங்களைக் குறித்தாள். இரண்டு கோல், இரண்டும் சரியாக இருந்தன. அன்றைக்கு அவளை ஆட்டத்தைப் பார்க்க விடாமல் துரத்தியவர், இன்றைக்கு நீ பார்த்தாயா என்று கேட்கிறார். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது.

1961ஆம் ஆண்டின் அட்டவணையில் அப்போது பத்துக் கிளப்புகளே இருந்தன. புத்தகத்துக்காக அதை இருபதாக நீட்டச் சொல்லியிருந்தார் பெல்த்ரான். எர்மினியா நீட்டினாள். பதினேழாவது இடத்தில் ஒரு கிளப்பை நட்டாள். வடக்குச் சிலியில், பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் ஒரு சின்னத் துறைமுகம், கலேத்தா பிளாங்கா. அதன் கிளப் லிமா நகரில் நடந்த கோடைப் போட்டியில் பெரிய தலைகளை எல்லாம் வரிசையாகக் கவிழ்த்தது. அட்டையில் தேதி, கோல், ஆட்டக்காரர் பெயர் எல்லாம் பழைய மையில், பழைய பேனாவில். அப்படி ஒரு துறைமுகமும் கிடையாது, கிளப்பும் கிடையாது.

இதற்காக அவள் ஒரு பாவமும் செய்ய வேண்டியிருந்தது. பொய்க் கிளப் ஒன்று உள்ளே வந்தால் நிஜக் கிளப் ஒன்று வெளியே போக வேண்டும். இருபதாவது இடத்தில் இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு சுரங்க ஊர் அணி. நிலக்கரி வெட்டிவிட்டு வந்து ஆடியவர்கள். அவர்களுடைய கணக்கைச் சேர்க்க அவளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த அட்டையை உருவி மேஜை இழுப்பறையில் வைத்தபோது, "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னாள்.

கலேத்தா பிளாங்காவின் பதினொரு பெயர்களை மதியச் சாப்பாட்டின்போது டெலிபோன்காரி சீச்சாவிடம் காட்டினாள். சீச்சாவின் முழுப்பெயர் சீச்சா இத்துரால்தே. கறி அடைத்த எம்பனாதாவைக் கடித்தபடி பட்டியலைப் படித்தவளுக்குப் புரையேறிவிட்டது.

"அடியே எர்மி, என்னைக் கோல்கீப்பரா போட்டிருக்கே! குனிஞ்சா நிமிர முடியாதுடீ எனக்கு!"

"அகலத்துக்குப் போட்டேன். நீ நின்னா போதும்."

"பஸ்கூசி, ரெபாலியாத்தி, குஃப்ரே... அட, எல்லாம் நம்ம ஆளுங்க! இடது விங்குல லெஸ்கானோவா? அந்த ஆளோட சொந்த செக்ரெட்டரி பேரு! கண்டுபிடிச்சுடுவான்டீ."

"கண்டுபிடிக்கட்டுமே. நாலாம் நம்பரைப் பாரு."

சீச்சா பார்த்தாள். சபாலா.

"அந்தப் பேரைப் பாத்து, 'இது நம்ம எர்மினியாவோட பேராச்சே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், சீச்சா. அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு அவனுக்கே புத்தகத்தைத் திருத்திக் குடுத்துடறேன். சத்தியமா."

"எத்தனை வருஷமா வேலை பாக்கறே அவன்கிட்ட?"

"இருபத்தஞ்சு."

"அப்ப சொல்லமாட்டான்" என்று சீச்சா மீதி எம்பனாதாவை வாயில் போட்டுக்கொண்டாள்.

மே மாதம் பெல்த்ரானின் கையெழுத்துப் பிரதி டைப் அடிக்க வந்தது. டைப் அடிக்கும் ரெபாலியாத்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், எர்மினியாவின் மேஜைக்கு ஓடி வந்தாள். பெல்த்ரான் கிளப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு பக்கம் வர்ணித்திருந்தார்.

"கலேத்தா பிளாங்காவை நான் லிமாவில் பார்த்தேன். கொட்டும் மழை. சேற்றில் மற்றவர்கள் வழுக்கி விழ, லெஸ்கானோ மட்டும் நடனமாடினான். அவனுடைய இடது காலை ஒருமுறை பார்த்தவன் வாழ்நாளில் மறக்க மாட்டான். கோல் வாயிலில் இத்துரால்தே, பூனைபோல் பாய்கிறவன். பின்வரிசையில் பஸ்கூசி, இளமையும் முரட்டுத்தனமும் கலந்த காளை. நாலாம் நம்பர் சபாலா மட்டும் சுமார். எண்ணிக்கைக்கு ஒரு ஆள்."

லிமாவில் வருடம் பூராவும் குடை விற்கிறவன் பட்டினி கிடப்பான். அங்கே கொட்டும் மழையாம். எர்மினியா அதற்குச் சிரித்தாள். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையால் ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: இவர்களை ஒன்பதாவது இடத்துக்கு ஏற்றவும்.

நேராக அவர் அறைக்குப் போனாள்.

"தோன் ஒராசியோ, கணக்குப்படி கலேத்தா பிளாங்கா பதினேழுதான்."

"கணக்கு கிடக்குது. ஊருல யாருக்கும் தெரியாத டீமு, நான் மட்டும் பாத்த டீமு. அதை மேல ஏத்தினாதானே புத்தகத்துக்கு மவுசு?"

"நிஜமாவே பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? அந்த மழையில என் தொப்பியே கரைஞ்சு போச்சு பாப்பா!"

"அந்தப் பேருங்களை எல்லாம் இன்னொரு தரம் படிச்சுப் பாருங்க. எங்கேயாவது தப்பு இருக்கப் போகுது."

அவர் பட்டியலை வாங்கினார். உதடு அசைய மேலிருந்து கீழே படித்தார். அவருக்கு எதிரே லெஸ்கானோ, பத்தொன்பது வருடமாக அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவள், கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சபாலா அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. நேத்து பாத்த மாதிரி இருக்கு எனக்கு" என்று பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். "போகும்போது காபி சொல்லிட்டுப் போ பாப்பா."

அந்த நிமிடத்தோடு எர்மினியாவின் மனதில் மிச்சமிருந்த ஈரமும் காய்ந்தது. காபி சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பரில் புத்தகம் அச்சாகி வந்தது. ஐயாயிரம் பிரதி. முதல் பக்கத்தில் பெல்த்ரானின் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருந்தது. வெளியீட்டுக்காக, ஞாயிறு மத்தியானம் வீடு வீடாக ரவியோலி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். நேரடி ஒளிபரப்பு.

"1961 பெட்டியை எடுத்துக்கிட்டு வா. நான் கேக்கறப்ப அட்டையை எடுத்துக் குடு, அது பாக்க ஜோரா இருக்கும்" என்றார் எர்மினியாவிடம். "ஆபீஸ் பாப்பாக்களையும் கூட்டிட்டு வா. முன்வரிசையில உக்காந்து கை தட்டட்டும்."

"எத்தனை பேரு?"

"எத்தனை பேரு இருக்காங்க?"

"என்னைத் தவிர பத்து பேரு."

"பத்து பேரும் வரட்டும்."

அன்றைக்குப் பத்துப் பேரும் முடியைச் செட் செய்துகொண்டு வந்தார்கள். பஸ்கூசி மகள் கல்யாணத்துக்குத் தைத்த நீல உடையைப் போட்டிருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிற சௌல் வழவழப்பான இளைஞன். மேஜையைச் சுற்றிப் பெல்த்ரான், வேறு இரண்டு நிருபர்கள், பழைய பயிற்சியாளர் எவரிஸ்தோ கொலொம்பாத்தி. பெல்த்ரானுக்குப் பின்னால் ஒரு முக்காலியில், மடியில் செருப்புப் பெட்டியோடு எர்மினியா.

சௌல் அட்டவணையைக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தான். "ஒன்பதாவது இடம், கலேத்தா பிளாங்கா!"

எங்கள் ஊரில் கால்பந்து பேசுகிறவன் மனைவிக்குத் துரோகம் செய்ததைக்கூட ஒப்புக்கொள்வான். ஒரு டீமைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டான். மேஜையில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆஹா, கலேத்தா பிளாங்கா!" என்று முதல் நிருபர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தச் சட்டை ஞாபகம் இருக்கா? என்ன கலரு அது!" என்றார் இரண்டாமவர், எந்தக் கலர் என்று சொல்லாமல்.

கொலொம்பாத்தி விட்டுக்கொடுப்பாரா? "நீங்க எல்லாம் கேலரியில உக்காந்து பாத்தவங்க. நான் அவங்களுக்கு எதிரா டீம் இறக்கினவன்யா! அந்த லெஸ்கானோ என் பின்வரிசை ஆளைச் சுத்த விட்டான் பாரு, அவனுக்கு ராத்திரி பூரா தலை சுத்தல் நிக்கல!"

"லெஸ்கானோ!" பெல்த்ரான் நெஞ்சில் கை வைத்தார். "நான் இந்தக் கண்ணால எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். அவனை மாதிரி ஒருத்தனைப் பாத்ததில்ல. டீமைப் பூராவும் சொல்றேன், கேளுங்க. பாப்பா, அந்த அட்டையைக் குடு."

எர்மினியா அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொடுக்கவில்லை.

"நானே படிக்கிறேன் தோன் ஒராசியோ."

கேமரா அவள் பக்கம் திரும்பியது. பெல்த்ரான் பெருந்தன்மையாகச் சிரித்து, படி என்பதுபோல் கையை நீட்டினார்.

"கோல்கீப்பர், இத்துரால்தே."

முன்வரிசையில் சீச்சா எழுந்து நின்றாள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கழிவறைக்குப் போகிறாள் என்று சௌல் நினைத்தான்.

"பின்வரிசை பேக், பஸ்கூசி." நீல உடை எழுந்தது. வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

"இவங்கதான் அந்த முரட்டுக் காளை. இருபது வருஷமா உங்களுக்குக் காபி கொண்டு வர்றாங்க. ரெபாலியாத்தி. உங்க புத்தகத்தை டைப் அடிச்சவ. குஃப்ரே..."

ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி எழுந்தாள். ஆறாவது பெயருக்குள் பார்வையாளர்களில் யாரோ ஒருவர் குபீரென்று சிரித்தார். ஒன்பதாவது பெயருக்கு அரங்கமே சிரித்தது. பெல்த்ரானின் முகத்தில் பூசிய பவுடருக்கு மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியது. நீட்டிய கையை மடக்க அவருக்குத் தோன்றவில்லை.

"இடது விங், லெஸ்கானோ."

செக்ரெட்டரி எழுந்தாள். பெல்த்ரான் அவளைப் பார்த்தார்.

"நாலாம் நம்பர் நான். சபாலா. எர்மினியா சபாலா" என்று அவள் அட்டையைக் கேமராவுக்குக் காட்டினாள். "இப்படி ஒரு ஊரே கிடையாது. இப்படி ஒரு கிளப்பும் கிடையாது. மார்ச் மாசம் நான் எழுதினது. இவர் பேரு போட்டு வர்ற அட்டவணையை இருபத்தஞ்சு வருஷமா நான்தான் போடறேன். பேரைப் போடுங்கன்னு கேட்டேன். 'நீ பாத்தியா'ன்னு கேட்டார். நான் பாக்கல. என்னைப் பாக்க விடல. ஆனா தோன் ஒராசியோ, நீங்க பொய் சொல்லல. இந்த டீமை நீங்க பாத்திருக்கீங்க. வருஷக்கணக்கா தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த பத்துப் பெண்களும் கை தட்டினார்கள். அதற்காகத்தானே அவர்களைக் கூப்பிட்டிருந்தார். கொலொம்பாத்தி மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "ஆனா அந்த இடது விங்குக்காரனை நான் எங்கேயோ பாத்திருக்கேன்யா" என்று முணுமுணுத்தார். மைக் திறந்திருந்ததால் நாடு முழுக்க அது கேட்டது. சௌல் அவசரமாக விளம்பரத்துக்குப் போனான்.

தாழ்வாரத்தில் பத்திரிகை முதலாளி எர்மினியாவை மறித்தார். ஆள் கோபத்தில் சிவந்திருந்தார், ஆனால் வியாபாரி.

"புத்தகம் போச்சு. ஐயாயிரமும் காகிதக் கூழுக்குத்தான். செவ்வாய்க்கிழமை இதழ்ல 1961 அட்டவணையைத் திருத்திப் போட்டாகணும், இல்லேன்னா ஊரே சிரிக்கும். இன்னைக்கே குடுக்க முடியுமா?"

"இப்பவே இருக்கு." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இருபதாவது இடத்தில் சுரங்க ஊர் அணி மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

முதலாளியின் கண் தாளின் அடிக்குப் போனது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது. ஒரு கணம் யோசித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் பெல்த்ரான் நின்றிருந்தார். பவுடரில் பாதியைத் துடைத்திருந்தார், பாதி அப்படியே இருந்தது. அவரைச் சுற்றி எப்போதும் இருக்கும் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. லெஸ்கானோ கோட்டை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு வெளியே காத்திருந்தாள். தனக்கு இரக்கம் வருமா என்று எர்மினியா உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. நன்றாகப் பசித்தது.

"சபாலா" என்றார் அவர். முதல்முறையாக. "என்னை அழிச்சுட்டே, சபாலா. தனியா கூப்பிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சபாலாவா? அவ சுமார்தான் தோன் ஒராசியோ" என்றாள் எர்மினியா, செருப்புப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "எண்ணிக்கைக்கு ஒரு ஆள்."

வெளியே சீச்சா, ரவியோலி தீர்ந்து போய்விடும் என்று கத்திக்கொண்டிருந்தாள்.